ஜாசின் பல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்

உடைந்துபோன கடைவாய்ப் பல்லுக்கு கிரௌன் என்னும் உறை போட, மலேசியாவில் ஜாசின் ஊரில் ஒரு பல் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர். பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்தார்.

"வீட்டுலயே கிரௌன் போட்டு விடறேன், ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு யாராச்சும் சொன்னாங்களாம்மா?"

அப்படி வீட்டில் போடுகிற யாருக்கோ ஆள் பிடிக்கிறவர் என்றுதான் நினைத்தேன். கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டு, "இல்ல அங்கிள்" என்றேன்.

"சொன்னா போயிடாதீங்க. சொத்தையை எடுக்காமலே மேல மூடிடுவாங்க. என் வீட்டம்மாவுக்கு உள்ள சீழ் பிடிச்சு, தாடை வீங்கி, மலாக்கா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க லா."

அடுத்த முறை போனபோதும் அவர் இருந்தார். ஒரு மலாய்ப் பெண்ணிடம் அதையே மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவரு இங்க பேஷண்டே இல்லக்கா. சும்மா வந்து உக்காருவாரு" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். எனக்குச் சந்தேகம் வலுத்தது.

நான் கிரௌன் பொருத்திக்கொண்டு வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "கடிச்சா உசரமா தெரியுதா? கலர் தாள் வச்சுக் கடிக்கச் சொல்லி, தேய்ச்சு விட்டாங்களா?"

பல் வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது.

"உங்க வீட்டம்மாவுக்கு கிரௌன் போட்டது யாரு அங்கிள்?"

என் வாயிலிருந்து பார்வையை எடுத்து, தன் கைகளைப் பார்த்தார். "அந்த ஆளு இப்ப யாருக்கும் போடறதில்லம்மா."

அந்த ஆள் அவரேதானோ என்று மேற்கொண்டு கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றும் யாராவது பல்வலி என்றால், அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.