கப்பலின் நீளத்துக்கு ஒரு கொடி

எங்களுக்குத் துணி என்றால் பின்னல் துணிதான். தறியில் நெய்கிற துணியும் உலகத்தில் இருக்கிறது என்று திருப்பூர்க்காரனுக்குத் தெரியாமல் இல்லை. அதெல்லாம் ஈரோட்டுக்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுவோம். திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில் பத்து மெஷின் போட்டு இருபது வருஷமாகப் பனியன் தைக்கிறேன். அந்தத் திமிரில் நான் செய்த தப்பைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவியின் தம்பி கடற்படையில் இருக்கிறான். நடுவில் எங்கெங்கோ மாற்றினாலும் திரும்பத் திரும்ப ஒரே கப்பலுக்கு வந்து சேர்ந்தவன். லீவில் வந்தால் கப்பல் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. போதும்டா சாமி என்று நானே பலமுறை எழுந்து போயிருக்கிறேன். ஒருநாள் போன் செய்து, கப்பலுக்கு வயசாகிவிட்டது, பணியிலிருந்து எடுக்கப்போகிறார்கள், அப்புறம் உடைக்கக் கொடுத்துவிடுவார்கள் என்றான்.

கப்பல் ஓய்வு பெறும் நாளில் ஒரு கொடி ஏற்றுவார்களாம். ஒடுங்கலான வெள்ளைக் கொடி, ஆனால் கப்பல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். அன்றைக்குப் பொழுது இறங்கும்போது அதை இறக்கிவிட்டால் அதோடு சரி, பிறகு அது போர்க்கப்பல் இல்லை. வழக்கமாக அவர்களே தைத்துக்கொள்கிற கொடியை, எங்கள் ஊரே துணி ஊர், எங்கள் மாமா தைத்துக் கொடுப்பார் என்று இவன் கேப்டனிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஏற்றுமதி ஆர்டர் ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கத்தினேன். 

"அப்பனுக்குத்தான் கோடி போட முடியலீங்க மாமா. இதுக்காச்சும் போட்டுக்கறேனுங்க" என்றான்.

என் மாமனார் இறந்தபோது அந்தக் கப்பல் நடுக்கடலில் இருந்தது. செத்தவர் மேல் உறவுக்காரர்கள் ஆளாளுக்குக் கோடி என்று புதுத்துணி போர்த்தி அனுப்பினோம். கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். பெற்ற மகன் வந்து சேர்ந்தபோது சாம்பலைக்கூடக் கரைத்துத் தலை முழுகிவிட்டிருந்தோம். அதைப் பற்றி அவன் அதுவரை வாயே திறந்ததில்லை. நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் விடுவேனா? மில்லுக்கே போய் நல்ல கனமான பனியன் துணியாகப் பார்த்து எடுத்தேன். கட்டிங் டேபிளில் விரித்து, அவன் சொன்ன நீளத்தை ஒரு விரற்கடை பிசகாமல் அளந்து, ஓரம் மடித்து நானே தைத்தேன். மடித்து வைக்கும்போது என் மனைவி தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, இது இழுக்குமுங்களே" என்றாள். துணியைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று வாயை அடைத்துவிட்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பே விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம்.  நான் கப்பலைப் படத்தில் மட்டுமே பார்த்தவன். இங்கே சாம்பல் நிறத்தில் இரும்பு மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. அண்ணாந்து பார்த்ததில் தடுமாறி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கிட்டப் போய்க் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. உள்ளே ஏதோ ஓடுகிற அதிர்வு உள்ளங்கைக்கு வந்தது. உயிரோடு இருக்கிறதே, இதை எவன் உடைப்பான் என்று கேட்டுவிட்டேன். கேஸ் கட்டரை வைத்துத் துண்டு துண்டாக அறுப்பார்கள், ஒரு திருகாணி விடாமல் விற்பார்கள், மிச்ச இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி ஆக்கிவிடுவார்கள் என்று மச்சினன் சொன்னான். சொல்லும்போது என் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கொடியை ஏற்றிப் பார்த்தார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை. தன் கனத்திலேயே துணி இழுபட்டு நீண்டுகொண்டே வந்தது. நீள நீள ஒடுங்கி, சுருண்டு, கயிறாகிவிட்டது. காற்றில் பறக்கவே இல்லை. வால் பக்கம் போய்க் கடல் தண்ணீரில் விழுந்தது. ஒரு மாலுமி சிரித்தான். மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். இருபது வருஷத் தொழில்காரன், பின்னல் துணியைத் தொங்கவிட்டால் இழுக்கும் என்பதை மறந்து நிற்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. புதிதாகத் தைக்க ஒரே ஒரு பகல்தான் இருந்தது.

நல்லவேளை, என் மனைவி என்னைத் திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. பனியனில் தோள்பட்டை இழுக்காமல் இருக்க என்ன செய்வோம், உள்ளே நாடா வைத்துத் தைப்போம், அதையே இதற்கும் செய்யலாமே என்றாள். நாடா இழுக்காது, நாடாவோடு சேர்ந்துவிட்டால் துணியும் இழுக்காது. அக்காவும் தம்பியும் ஆட்டோவில் கடைவீதிக்கு ஓடி ரோல் ரோலாகப் பருத்தி நாடா வாங்கி வந்தார்கள். ஆனால் மெஷின் இல்லாத இடத்தில் அத்தனை நீளத்துக்கு இரண்டு பக்கமும் யார் தைப்பது?

மச்சினன் கப்பலுக்குள் போனான். திரும்பி வரும்போது அவன் பின்னால் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு சின்னப் பை, அதில் ஊசி, நூல், பொத்தான். கடலில் பொத்தான் அறுந்தால் அவரவரே தைத்துக்கொள்ள வேண்டுமாம். கப்பலை ஒட்டினாற்போல் துறைமுகத் தரையில், மூக்கிலிருந்து வால் வரைக்கும் நாடாவை இழுத்து விரித்து, துணியை அதன்மேல் சுருக்கமில்லாமல் பொருத்தினேன். கப்பலின் நிழலில் அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பஞ்சாபி, மலையாளி, வங்காளி, எல்லாம் கலந்து. பீரங்கி சுடுகிற கைகள். காலையில் சிரித்தவனும் உட்கார்ந்திருந்தான். கேப்டன் இறங்கி வந்து ஊசி வாங்கி ஒரு முழம் தைத்தார். நான் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தேன். நடந்து முடிக்கவே நேரம் பிடித்தது. ஒரு கப்பல் நீளத்துக்கு மனிதர்கள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். என் ஆயுசில் நான் பார்த்த பெரிய தையல் அதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

விழா அன்று கொடி பறந்தது. நாடா கோணலும் மாணலுமாகத்தான் இருந்தது, என் யூனிட்டில் என்றால் பீஸைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் விறைப்பாக, அளவு மாறாமல், கப்பலுக்கு மேலே நெடுகப் பறந்தது. அந்தக் கப்பலில் முன்பு வேலை பார்த்த வயசானவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து நின்றிருந்தார்கள். பொழுது இறங்கியதும் ஊதுகுழல் ஊதினார்கள். கொடி மெல்ல மெல்ல இறங்கியது. அத்தனை ஜனம் நின்ற இடத்தில் தண்ணீர் கரையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே நின்று கொடியை ஏந்தி வாங்கியவர்களில் என் மச்சினனும் ஒருத்தன். தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவன் அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

சில மாதம் கழித்து லீவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவன் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. குஜராத் கரையில் கப்பல் உடைக்கும் இடத்திலிருந்து கூட்டாளி அனுப்பியது. மூன்று பேரும் பார்த்தோம். கப்பலின் நம்பரை அழித்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்ஜின் சத்தம் இல்லை, விளக்கு இல்லை. சின்ன இழுவைப் படகு ஒன்று அவ்வளவு பெரிய உடம்பை இழுத்து வந்தது. கடல் ஏறுகிற நேரம் பார்த்துச் சேற்றில் ஏற்றினார்கள். அதற்கப்புறம் வேறொரு நாள் எடுத்தது. நெருப்புப் பொறி பறக்க மூக்குப் பக்கம் அறுந்து, வீட்டு உயரத்துக்கு ஒரு துண்டு சாய்ந்து விழுந்தது. விழுந்த அதிர்வில் திரை முழுக்க ஆடியது.

அவன் போனைக் கீழே வைத்தான். எழுந்து கொல்லைப் பக்கம் போனான். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். போட்டிருந்த சட்டையோடும் வேட்டியோடும் தொட்டியடியில் நின்று, குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அழுதான், சத்தமாக.

என் மனைவி மாற்று வேட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள். "போதும் சாமி, நல்லபடியா அனுப்பிட்டே" என்றாள். அவன் உள்ளே வந்ததும் நானும் எழுந்து போய், கட்டின வேட்டியோடு தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.