பஸ்காரன் போட்ட நடைத்திட்டம்

ஜெயராஜ் நடக்கப் போகிறான் என்றால் அவன் வீட்டிலேயே சிரிப்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் இருபது வருசத்துக்கு மேலே ஸ்டியரிங் பிடித்தவன். காலையில் ஆட்களை அள்ளிக்கொண்டு போய் கேட்டில் கொட்டுவான், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவான். முக்குக் கடையில் ரொட்டி வாங்கவும் மோட்டார் சைக்கிள்தான். "ஒங்களுக்குக் காலு எதுக்கு, கழட்டி யாருக்காவது குடுத்துடலாம்லா" என்பாள் அவன் பெண்சாதி வள்ளியம்மா. அப்படிப்பட்டவன் மூன்று நாள் லீவில் கடலோரமாக நடக்கிறேன் என்று கிளம்பினால், அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

சங்கதி இதுதான். அவனுக்குக் கூட்டாளிகள் இரண்டே பேர். ஒருத்தன் நாகூர் மீரான், டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை போட்டிருக்கிறவன். இன்னொருத்தன் வயிரவன், செட்டியார் வீட்டுப் பிள்ளை, கணக்கு ஆபீஸ் வைத்திருக்கிறவன். சாயங்காலமானால் மீரான் கடை ஓர மேசையில் மூன்று பேரும் நுரை பொங்க ஆற்றின தே தாரேக் டீயைக் குடித்துக்கொண்டு உலகத்தைத் திருத்துவார்கள். போன வருசம் மீரான் மகள் ரொஸ்னா கல்யாணத்தோடு அது நின்று போனது. ஊரையெல்லாம் வீடு வீடாகப் போய் அழைத்த மீரான், கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் போனில் பத்திரிகையைத் தட்டிவிட்டான். ஜெயராஜ் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை, போய் இரண்டு தட்டு பிரியாணி அடித்துவிட்டு வந்தான். வயிரவன் போகவில்லை. வாசலுக்கு வந்து கூப்பிடாத விசேஷத்துக்கு அவன் வீட்டில் யாரும் செருப்பு மாட்டியது கிடையாது. வராதவனிடம் எனக்கென்ன பேச்சு என்று மீரானும் முறுக்கிக்கொண்டான்.

இப்போது மீரான் மகன் ஹைக்கலுக்குக் கல்யாணம். இதற்கும் வயிரவன் வராவிட்டால் அந்த மேசை கதை முடிந்தது. அதற்குத்தான் ஜெயராஜ் இந்த நடைத்திட்டத்தைப் போட்டான். இரண்டு பேரிடமும் "நீயும் நானும் மட்டும்" என்று தனித்தனியாகப் பொய் சொன்னான்.

கிளம்புகிற அன்று காலை ஃபெர்ரி ஜெட்டியில் ஒருத்தனை ஒருத்தன் பார்த்ததும் இரண்டு முகமும் புளித்த மோர் மாதிரி ஆனது. திரும்பிப் போனால் தோற்றது போலாகிவிடும் என்று இரண்டு பேருமே போகவில்லை. ஜெயராஜ் நடுவில் நடந்தான்.

"ஜெயராஜு, அந்த ஆள கொஞ்சம் தள்ளி நடக்கச் சொல்லு. பைய கொண்டாந்து இடிக்கிறாரு" என்றான் வயிரவன்.

"ரோடு என்ன செட்டியார் வீட்டு முத்தமான்னு கேளு ஜெயராஜு."

இரண்டு முழம் இடைவெளிதான். ஆனாலும் எல்லாப் பேச்சும் ஜெயராஜ் காது வழியாகத்தான் போய் வந்தது. கர்னி கடலோரம் முழுக்க இதே பாடு.

இங்கேதான் பஸ்காரன் புத்தி வேலை செய்தது. தூரத்தை அவன் பஸ் நிமிசத்தில்தான் அறிவான். முதல் நாளே தீவுக் கோடியில் இருக்கிற தெலுக் பஹாங், பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட ஆகாது, நடந்தால் கொஞ்சம் கூட ஆகும், பகல் சாப்பாட்டுக்கு அங்கே மீன் கறி என்று சொல்லி வைத்திருந்தான். சூரியன் உச்சிக்கு வந்தபோது தஞ்சோங் தோக்கோங்கைத்தான் தாண்டியிருந்தார்கள். மீரானுக்குத் தொடை உரசி எரிந்தது. வயிரவனுக்குக் குதிகாலில் கொப்புளம்.

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"இதோ லா. வளைவு திரும்புனா பத்து நிமிசம்."

வளைவு திரும்பினார்கள். அடுத்த வளைவு வந்தது. அதையும் திரும்பினார்கள். மலையும் மேடும் ஒரு பக்கம், கடலும் காண்டோமினியமும் இன்னொரு பக்கம். மீன் கறி எங்கேயும் இல்லை. வயிரவன் ஒரு பஸ் ஸ்டாப் நிழலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"மீரான், இவன் பத்து நிமிசம்னு சொல்றது எந்தூரு பத்து நிமிசம்?"

நேராகக் கேட்டான். மீரானும் யோசிக்காமல் நேராகவே சொன்னான்: "செவப்பு லைட்டே விழுகாத ஊருல, காலியா கெடக்குற ரோட்டுல, எக்ஸ்பிரஸ் பஸ்ஸுல."

"இவன நம்பி வந்தோம் பாரு."

"நம்மள சொல்லணும்."

'நம்மள' என்ற சொல் ஜெயராஜ் காதில் தேனாக விழுந்தது. அதற்கப்புறம் அன்று முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள். தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் ஒரு மட்டமான ரூமில் மூன்று பேரும் விழுந்தபோது மீரான், வயிரவன் காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் ஜெயராஜுக்குத் தூரம் புரிந்துவிட்டது. ஆனாலும் பத்து நிமிசம், பத்து நிமிசம் என்று வேண்டுமென்றே சொல்லிக்கொண்டு போனான். திட்டு குறைந்தால் மறுபடி ஊமையாகிவிடுவார்களோ என்ற பயம்.

மூன்றாம் நாள் தெலுக் பஹாங்கையும் தாண்டி, காட்டுப் பாதையில் ஏறி இறங்கி பந்தாய் கெராச்சுட் கடற்கரை மணலில் உட்கார்ந்தார்கள். படகு வரும் வரை வேறு வேலை இல்லை. அலையைப் பார்த்தபடி வயிரவன் கேட்டான்.

"ஊர்ல உள்ளவன் வாசலெல்லாம் மிதிச்சியே மீரான். என் வாசல்ல மட்டும் என்ன முள்ளா கெடந்துச்சு?"

மீரான் ஒரு சிப்பியை எடுத்து மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தான்.

"வெளி ஆளத்தான்டா நேர்ல போயி கூப்புடணும். நீ எங்க வீட்டு ஆளுன்னு நெனச்சேன். பந்தியில என் பக்கத்து நாக்காலி ஒனக்குன்னு போட்டேன். கடைசி வரைக்கும் யாரையும் ஒக்கார விடல. என் பொண்டாட்டி மர்ஜானா கூட கேட்டா, எதுக்குங்க அத காலியா வச்சிருக்கீங்கன்னு."

"எங்க வழக்கத்துல வீட்டு ஆளத்தான் மொதல்ல கூப்புடணும்."

"அத அப்பவே வந்து சண்ட போட்டிருக்கலாம்ல?"

"கூப்புடாத வீட்டுக்கு சண்ட போட மட்டும் எப்படி வர்றது?"

ஜெயராஜுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தான்.

படகு பிடித்து, பஸ் பிடித்து டவுனுக்கு வந்தார்கள். மீரான் நேரே தன் கடைக்குப் போகவில்லை. நொண்டி நொண்டி வயிரவன் வீட்டு வாசல் வரை வந்தான். வந்து, "நீ உள்ள போ. கேட்டச் சாத்து" என்றான்.

வயிரவன் உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினான்.

"வீட்ல யாரு இருக்கீங்க?" என்று மீரான் குரல் கொடுத்தான்.

கேட் திறக்கவில்லை. வெயிலில் மீரானும் ஜெயராஜும் நின்றார்கள். உள்ளே முத்தம்மை ஆச்சி, "நீங்களே வெளிய நிக்க வச்சுட்டு இப்ப எதுக்குச் சட்டைய மாத்துறீங்க?" என்று புருசனைக் கேட்பது வாசல் வரை கேட்டது. கொஞ்சம் கழித்து வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக வயிரவன் வந்து கேட்டைத் திறந்தான்.

"வாங்க மீரான் அண்ணே. என்ன இவ்ளோ தூரம்?"

"மகன் ஹைக்கலுக்குக் கல்யாணம். நீங்களும் ஆச்சியும் பிள்ளைங்களோட முன்னால வந்து நின்னு நடத்திக் குடுக்கணும்."

"வந்துர்றோம்" என்றவன், குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி மர்ஜானாவையும் கூட்டியாந்துருக்கணும். தனியா வந்து கூப்புடுறது முறையில்ல" என்றான்.

"அடிப்பேன்" என்றான் மீரான். ஆச்சி உள்ளே சிரித்தாள்.

காப்பி குடித்துக் கிளம்பும்போது மீரான் ஜெயராஜ் பக்கம் திரும்பினான். "ஒனக்குத்தான் போன்லயே..." என்று ஆரம்பித்து, வயிரவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நாளைக்குக் காலையில நானும் மர்ஜானாவும் ஒன் வீட்டுக்கு வர்றோம்."

ஜெயராஜ் வீட்டுக்குப் போய் வீங்கின காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு வள்ளியம்மாவைக் கூப்பிட்டான்.

"நாளைக்குக் காலையில கேட்டுல யாராச்சும் வந்து குரல் குடுத்தா ஒடனே தொறந்துறாத. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."