பிரீடாவுக்கு நான் போட்ட தடம்

நிலவறைக் குளிர்பெட்டியின் கதவுத் தட்டில், கடுகுக் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு பழைய ஜாம் போத்தல் நிற்கும். அதற்குள் இருப்பது மான் இரத்தம். போத்தலின் வயிற்றில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, 'சூப்புக்கு அல்ல' என்று ஷெஃபின் தன் சாய்ந்த எழுத்தில் எழுதியிருப்பார். ஷெஃபின் என்றால் இங்கே முதலாளியம்மா. டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே, காட்டு மலைகள் தொடங்குகிற இடத்தில் இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடையில் பதினொரு வருடம் வேலை செய்தேன். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன், கடைசியில் இறைச்சி வெட்டினேன். அவர் தானே காட்டுக்குப் போய்ச் சுட்டு வருகிற மானும் பன்றியும்தான் அந்தக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. தோலுரித்துத் துண்டு போடுவது என் வேலை. போத்தலில் இரத்தம் பிடித்து வைப்பதும் என் வேலைதான். அதைக் காட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் நாயைப் பழக்குவார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு வருகிற அலுவலகக் கடிதங்களையெல்லாம் ஷெஃபின்தான் வாசித்து, பயப்பட வேண்டியது எது, குப்பையில் போட வேண்டியது எது என்று சொல்லுவார். நானோ எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். அடுப்பை அணைத்தேனா என்று பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து திரும்பி ஓடி வந்து பார்த்த நாட்கள் எத்தனையோ. அந்தப் பயங்களிலே மூத்தது நாய்ப் பயம். சின்ன வயதில் ஒரு விசர் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி வாங்கிய உடம்பு இது. ஷெஃபினுக்கு இது தெரியாது. அவருடைய பழைய நாய் முழங்காலுக்குக் கீழே நிற்கிற குட்டைக்கால் கிழவன். பல்லும் பாதி இல்லை. என் காலடியில்தான் எப்போதும் கிடக்கும். அதைப் பார்த்து, எனக்கு நாய்களோடு நல்ல ராசி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். நானும் அதைத் திருத்தவில்லை. ஒருவர் நம்மைப் பற்றி நல்லதாக ஒன்றை நம்பினால் அதைத் திருத்துவது லேசான காரியமில்லை.

கிழவன் செத்த பிறகு அடுத்த நாய் வேண்டியிருந்தது. சுட்ட மிருகம் சில வேளை அந்த இடத்திலேயே விழாது. காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் படுத்துவிடும். அதை இரத்த மணத்தில் தேடிக் கண்டுபிடிக்க நாய் வேண்டும். நாயில்லாமல் சுடுகிறவன் வேட்டைக்காரனில்லை, கொலைகாரன் என்று ஷெஃபின் சொல்லுவார். ஒருநாள் கடைக்கு வந்த விருந்தாளி ஒருவரின் மேசைக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு நெட்டை நாய் மூன்று மணித்தியாலம் ஒரு சத்தமும் போடாமல் படுத்திருந்ததைக் கண்டார். லர்ச்சர் என்றார்கள். அது தனி இனம் அல்ல. பந்தயத்தில் ஓடுகிற கிரேஹவுண்டோடு ஆட்டுப்பட்டி நாயையோ வேறொரு வேலை நாயையோ கலந்து எடுப்பது. பரணுக்குக் கீழே சத்தமில்லாமல் காத்திருக்கிற நாய், கடையிலும் ஆட்களுக்குத் தொல்லை இல்லாத நாய், இதைத்தானே தேடினேன் என்று அவர் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் பியர் குடிக்க வருகிற மற்ற வேட்டைக்காரர்கள் விடவில்லை. பந்தயக் குதிரையை வாங்கி வண்டிலில் கட்டப் போகிறாயா என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்த நாய் கண்ணால் வேட்டையாடும், மூக்கால் இல்லை, ஓடுவதைத் துரத்தும், இங்கே அப்படித் துரத்தி வேட்டையாடச் சட்டமும் இல்லை என்றார்கள். அது கலப்பில் எந்தப் பக்கம் கூட என்பதைப் பொறுத்தது, அதைப் பார்த்து எடுக்கத் தனக்குக் கண் இருக்கிறது என்றார் ஷெஃபின். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. அந்தக் கண்ணில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

லைப்சிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் இரண்டு நாய்கள் இருப்பதாகத் தகவல் வந்தது. கடை பூட்டுகிற திங்கட்கிழமை விடியப் புறப்பட்டோம். எனக்குத்தான் நாய் ராசி இருக்கிறதே, என்னையும் ஏற்றிக்கொண்டார். வீட்டில் என் மனிசி மட்டன் ரோல்ஸ் பன்னிரண்டு சுற்றித் தந்திருந்தாள். போகிற வழியிலேயே ஷெஃபின் நாலு சாப்பிட்டுவிட்டார்.

இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை, பதினான்கு மாதம். புரூனோ பழுப்பு நிறம், சடை மயிர், அகன்ற தலை. பார்த்தவுடனேயே ஆட்டு நாய்ப் பக்கம் என்று தெரியும். தலையைத் தூக்காமல் முற்றம் முழுக்க மணந்துகொண்டு திரிந்தான். பிரீடா சாம்பல் நிறம், நாணல் போல உடம்பு, தூரத்தில் ஒரு காகம் எழும்பினாலும் கழுத்து நிமிரும். ஷெஃபின் புரூனோவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் என்னிடம் வந்தான், என் சப்பாத்தை மணந்தான், பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துத் தொண்டைக்குள்ளே உறுமினான். வளர்த்த பெண் சிரித்துக்கொண்டு, புது ஆட்களோடு ஒரு கிழமைக்கு இப்படித்தான், பிறகு பால் மாதிரி என்றாள். எனக்கு வயிற்றில் அந்தப் பழைய ஊசி குத்திய இடமெல்லாம் இழுத்தது. விடியற்காலையில் நிலவறைக்குப் போகிற ஒடுங்கிய படியும், அந்தப் படியில் படுத்திருக்கப் போகிற புரூனோவும், கையில் இறைச்சித் தட்டோடு நானும். வேறொன்றும் என் மண்டைக்குள் ஓடவில்லை.

ஷெஃபின் கொண்டு வந்த இரத்தத்தில் இரண்டு தடம் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. பண்ணைக்குப் பின்னால் இருந்த பைன் காட்டில், நாய்க்கொரு தடம், கடைசியில் ஒரு துண்டு மான்தோல். முதல் தடத்தை ஷெஃபின் தானே போட்டார். பத்தடிக்கு ஒரு சொட்டு, இரண்டு வளைவு, கஞ்சத்தனமாக. நாலு மணித்தியாலம் வாகனம் ஓட்டிய காலோடு நடந்ததில் அவருடைய முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டாவதை நீ போடு, நான் போட்ட மாதிரியே போடு என்று போத்தலை என்னிடம் தந்தார். அது பிரீடாவுக்கான தடம்.

நான் அவர் போட்ட மாதிரிப் போடவில்லை. காட்டுக்குள் மறைந்ததும் போத்தலைத் தாராளமாகச் சரித்தேன். வளைவு என்று பெயருக்கு ஒன்று வைத்தேன். பிறகு சட்டைப்பையில் இருந்த இரண்டு ரோல்ஸை எடுத்து, வெளித்தோலை நான் தின்றுவிட்டு, உள்ளே இருந்த இறைச்சியை உதிர்த்து, சொட்டுச் சொட்டாக விழுந்த இரத்தத்தின் மேலேயே போட்டுக்கொண்டு போனேன். அதையும் ஒழுங்காகத்தான் போட்டேன். சமையல்காரன் கை அல்லவா.

மத்தியானத்துக்குப் பிறகு நாய்களை விட்டோம். புரூனோ மெதுவாகப் போனான். இரண்டாவது வளைவில் தடத்தை விட்டுவிட்டான். நின்றான், அரைவட்டம் அடித்தான், தானாகவே திரும்பி வந்து விட்ட இடத்தில் மூக்கை வைத்து மறுபடி பிடித்தான். தோலை எடுக்க இருபது நிமிடம். ஷெஃபின் தாடையைத் தடவினார். பிரீடாவோ நிலத்திலிருந்து மூக்கை எடுக்காமல் ஆறே நிமிடத்தில் முடித்தாள். இடைக்கிடை ஒரு கணம் நின்று நக்கிவிட்டுப் போனாள். "பார், பார், ஒவ்வொரு சொட்டையும் நிண்டு உறுதிப்படுத்திக்கொண்டு போறாள்," என்றார் ஷெஃபின். அவர் ஜெர்மனில் சொன்னதை என் வாயில் வருகிற தமிழில்தான் எழுதுகிறேன். முகமெல்லாம் அவருக்குச் சிவந்திருந்தது. "நான் மற்றவனையெல்லோ எடுக்க நினைச்சனான். வயசு போனாலும் ஒரு நாய் எங்களுக்குப் படிப்பிக்குது."

பிரீடாவை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வீட்டுக்கு வந்து மனிசிக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "ரோல்ஸ் குடுத்து நாயைச் சோதினை பாஸ் பண்ண வைச்ச ஆள் உலகத்திலேயே நீங்கள்தானப்பா." சிரித்து முடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த மனுசிக்கு எப்ப சொல்லப் போறியள்?"

நாளைக்கு என்றேன்.

அந்தக் கோடை முழுக்க ஷெஃபின் பிரீடாவோடு காட்டில் பாடுபட்டார். கிழமைக்கு மூன்று போத்தல் நான் நிரப்பிக் கொடுத்தேன். நாய் பத்து அடி மணக்கும், பிறகு தலையைத் தூக்கிவிடும். எங்கோ புல் அசைகிற பக்கம் கண் போய்விடும். வேறு யாராக இருந்தாலும் இந்த நாய்க்கு மூக்கு வேலை சரிவராது என்று ஒரு மாதத்தில் விட்டிருப்பார்கள். ஷெஃபினால் அது ஏலவில்லை. முதல் நாள் தன் கண்ணாலே பார்த்தவர் அல்லவா. அன்றைக்கு அப்படிச் செய்தவள் இன்றைக்குச் செய்யவில்லை என்றால் பிழை தன்னில்தான் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார். கயிற்றை மாற்றினார், சப்பாத்தை மாற்றினார், கூப்பிடுகிற குரலை மாற்றினார். தன் கையில் இருக்கிற சிகரெட் மணம்தான் நாயைக் குழப்புகிறது என்று, நாற்பது வருடம் புகைத்த மனுசி ஒரே நாளில் அதையும் விட்டார். அன்று குசினிக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் கீழே போய் நிலவறையில் நின்றேன். சொல்ல வேண்டிய வசனத்தை ஜெர்மனில் நாலு தரம் சொல்லிப் பார்த்தேன். வினைச்சொல் சரியான இடத்தில் வந்துவிட்டது. மேலே ஏறி வந்து வெங்காயம் வெட்டினேன்.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் அவர் சுட்ட பெண் மான் விழவில்லை. இருட்டுப்பட்டுவிட்டதால் தேடுவதை விடியலுக்குத் தள்ளினார். மான் கிடைத்தால் தூக்க ஆள் வேண்டும் என்று காலையில் என்னைக் கூப்பிட்டிருந்தார். வயல் ஓரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு, கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த வேட்டைக்காரரிடம் சோதனை பாஸான நல்ல நாய் இருந்தது. ஒரு அழைப்பு எடுத்தால் அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவார். ஷெஃபின் என் பக்கம் திரும்பினார்.

"அவரைக் கூப்பிடுறதோ, பிரீடாவை விடுறதோ? லைப்சிக்கில அவள் செய்ததை நீயும் கண்டனீதானே?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும். கூப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும், காரணத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.

"ஓம், கண்டனான்," என்றேன்.

இரத்தம் விழுந்திருந்த இடத்திலிருந்து ஐம்பது மீற்றர் கூடப் போகவில்லை. வயலில் ஒரு முயல் எழும்பியது. பிரீடாவின் கழுத்து நிமிர்ந்ததை நான் கண்டேன், அடுத்த கணம் நீளக் கயிறு முழுதும் விறைத்தது. கயிற்றைக் கையில் சுற்றியிருந்த ஷெஃபினை அது இழுத்து விழுத்தியது. மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றேன். முதலில் பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிடு, மான் கிடக்குது என்றார் ஷெஃபின். அந்த மனிதர் வந்து, தன் நாயோடு பற்றைக்குள் இறங்கினார். நாங்கள் புல்லில் இருந்தோம். ஷெஃபின் முறிந்த கையை மறுகையால் ஏந்திக்கொண்டு, கண்ணை மூடியபடி. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்தது. செத்துக் கிடந்த மானைக் கண்டுபிடித்திருந்தால் அந்தச் சத்தம் தேவையில்லை.

"விடியும் மட்டும் உயிரோட கிடந்திருக்கு," என்றார் ஷெஃபின். பிறகு, கயிறு இழுபடத் தானாகவே திரும்பி வந்து பக்கத்தில் நின்ற பிரீடாவின் காதைத் தடவினார். "இவளில ஒரு பிழையும் இல்லை. பார்த்து எடுத்தது நான். எனக்கு இனி அந்தக் கண் இல்லை."

அந்தக் குளிர்காலத்திலேயே காட்டுக் குத்தகையைத் திருப்பிக் கொடுத்தார். துவக்குகளை விற்றார். சாப்பாட்டு அட்டையில் மான் இருந்த இடத்தில் கோழி வந்தது. இரண்டு வருடத்தில் கடையையும் பூட்டினார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, முழுப்பழியும் என்னுடையதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மனிசி அதை ஒருநாளும் ஆமோதித்ததில்லை.

இப்போது நான் டார்ம்ஸ்டாட்டில் ஒரு பெரிய அலுவலகத்தின் உணவகத்தில் வேலை செய்கிறேன். ஷெஃபின் பழைய கடைக்கு மேல்மாடியிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். கண்ணின் நடுவில் ஒரு இருட்டு வட்டம் விழுந்திருக்கிறது, ஓரங்கள் மட்டும் தெரியும், பார்வை இனிக் குறையுமே தவிரக் கூடப் போவதில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பிரீடா கிழவியாகி சோபாவை முழுதாக எடுத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். போன இளவேனிலில் ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அவருடைய தங்கை மகள் தொலைபேசி எடுத்தாள். நாய்க்குட்டி வாங்கப் போகிறாளாம், கூட வந்து பார்த்துச் சொல்லுங்கள் பெரியம்மா என்று கேட்டாள். ஷெஃபின் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னைக் கூட்டிக்கொண்டு போகாதை. கண் நல்லா இருந்த காலத்திலேயே எனக்கு நாய் பார்க்கத் தெரியாது."

தொலைபேசியை வைத்ததும் சொன்னேன். படியில் படுத்திருக்கப் போகிற புரூனோ, ஊசிகள், இரண்டாவது தடம், ரோல்ஸ், வாகனத்துக்குப் பக்கத்தில் நான் சொன்ன ஓம், எல்லாம். நிலவறையில் பழகிய வசனங்கள் ஒன்றும் வரவில்லை. வினைச்சொற்கள் கண்ட கண்ட இடங்களில் வந்தன.

சொல்லி முடித்ததும் ஷெஃபின் கேட்டார்: "அப்ப, புரூனோ?"

"அவன்தான் சரியான நாய். வளைவில விட்டிட்டுத் தானாத் திரும்பி வந்து பிடிச்சவன். நீங்கள் போட்டது உண்மையான தடம்."

"எனக்கும் அப்பிடித்தான் பட்டது," என்றார். "அண்டைக்கு, அந்த முற்றத்தில. பார்த்தவுடனயே."

கோபப்படுவார் என்று இருந்தேன். எழும்பிப் போ என்று சொன்னால் போக என் கால்கள் தயாராக இருந்தன. அவர் முகத்தில் கோபம் வரவில்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர் போல யன்னல் பக்கம் திரும்பியிருந்தார், வெளிச்சம் அந்தப் பக்கம் என்பதால்.

"எட்டு வருசம்," என்றார். "எட்டு வருசமா என்ர கண்ணை நான் நம்பேல்லை. நல்ல கண் அது. இப்ப வந்து சொல்லுறாய். இப்ப உண்மையாவே தெரியுதில்லை."

கோப்பிக் கோப்பையைத் தேடி அவர் கை மேசை மேல் நகர்ந்தது. விரல்கள் இரண்டு அங்குலம் தள்ளிப் போயின. நான் கோப்பையை எடுத்து அவர் கைப்பக்கம் நகர்த்தப் போனேன்.

"வை," என்றார் ஷெஃபின். "அதை நான் கண்டுபிடிப்பன்."