அட்டையின் மறுபக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய அட்டை கிடக்கிறது. ஒரு பக்கம் முழுக்கப் புளியும் எண்ணெயும் ஊறிய கறை. அதை எடுக்கும்போதெல்லாம் சித்தியின் நினைவும் கூடவே வெட்கமும் வரும்.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு வருடத்தில் ஒருநாள் ஊட்டு என்னும் விருந்துத் திருநாள். தமிழர், கொங்கணியர், குஜராத்தியர், மலையாளிகள் என எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்து நீள மேசையில் உட்காரும். ஒரே ஒரு சட்டம்: எது யார் வீட்டுப் பாத்திரம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அன்று பாயசம் கிடையாது. சித்திக்கு கார்ப்பரேஷனில் தெரு கூட்டும் வேலை. தொண்ணூறுகளில்கூட அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க யோசித்தவர்கள் இருந்தார்கள். அவர்களே ஊட்டில் அவளுடைய புளியோதரையை மூன்று தடவை வாங்கித் தின்றார்கள். துணிக்கடைச் சேட்டன் ஆண்டுதோறும் இலையை வழித்தபடி, "எந்தொரு கைப்புண்ணியம்!" என்று கைமணத்தை வியப்பார். சித்தி ஒன்றுமறியாதவளாக எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு போவாள். என்ன அழுத்தக்காரி!

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழித்து அரசாங்கக் கடிதம் வந்தது. எங்கள் ஊட்டு இனி சுற்றுலாத் துறை அங்கீகரித்த விழா. தெருவே வெடி வெடித்துக் கொண்டாடியது. கடிதத்தின் கடைசியில் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் சமைத்தவர் பெயர், விலாசம் இருக்க வேண்டும்.

மலையாளக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அட்டை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சித்தியின் அட்டையில் நான் என் பெயரை எழுதினேன். நான் காக்கநாடு கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா; குமாஸ்தா வீட்டுச் சோற்றை யார் வேண்டாமென்பார்கள்? நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. கடைப் பலகைகளைப் பார்த்தே மலையாளம் எழுத்துக்கூட்டக் கற்றவள் சித்தி. வாசித்தவுடன் முகம் சிவந்துவிட்டது.

"நான் கூட்டுன ரோட்டுலதானடா சம்மணம் போட்டுத் திங்கிறாங்க? அவங்களுக்கில்லாத கூச்சம் உனக்கென்ன? அட்டையத் திருப்பி மறுபக்கம் எழுது. எம்பேரு. என் வேலையும் சேத்து எழுது."

எழுதினேன்.

விழா அன்று எல்லாப் பாத்திரத்துக்கு முன்னாலும் கூட்டம், அவளுடையதற்கு முன்னால் மட்டும் ஆளில்லை. கரண்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். அப்போது துணிக்கடைச் சேட்டன் வந்தார். குனிந்து அட்டையை வாசித்தார். புளியோதரையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"இத்தர கொல்லம் ஞான் தின்னது சேச்சியுடெ கையாலாணோ?" என்றார். இத்தனை வருடமும் நீங்கள் சமைத்ததையா தின்றேன் என்று கேட்டபடியே இன்னும் கிட்ட வந்தார். இலையை நீட்டினார். சித்தி குவித்து வைத்தாள். அவர் பின்னால் நாலுபேர், பிறகு பத்துப்பேர். எல்லோரும் வந்துவிடவில்லை. வராதவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை அவர்கள் வாசலையும் ஒரு குறையுமில்லாமல் கூட்டினாள்.

அரசாங்கச் சான்றிதழ் எங்கள் தெருச் சங்கத்தின் சுவரில் தொங்குகிறது. இப்போது இடப்பள்ளி, களமசேரியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து ஊட்டுக்கு வருகிறார்கள். சித்தி இல்லை. அவள் பெயரும் வேலையும் கறைக்குள் பாதி மங்கிவிட்டன. அட்டையைத் திருப்பினால் என் பெயர், அழகான கையெழுத்தில், ஒரு பொட்டுக் கறையில்லாமல் இருக்கிறது.