வீங்கிய முகங்களும் பிலோமினா மிஸியும்

"பிலோமினா மிஸி மோசம் போயிட்டா" என்று குருநகரிலிருந்து சைக்கிளில் வந்தவர் சாவுச் செய்தி சொன்னபோது, "எந்த மிஸி?" என்று கேட்டேன். அவர் பிள்ளைகள் வார்ட்டுத் தாதி; ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலிருந்து பத்து வருடம் அவருடன் மாரடித்தவன் கேட்கிற கேள்வியா அது! மூளை ஓடவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். தொண்ணூறில் சண்டையும் பொருளாதாரத் தடையும் வந்த பிறகு, குளிக்கத் துவைக்கச் சவுக்காரம் கண்ணிலும் படவில்லை. முகாம் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள் ஊரே படுத்தது. பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்து புண்ணாகும். இரண்டு மூன்று கிழமையில் சிறுநீரகத்தைத் தாக்கும். முகம் வீங்கும், சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போகும். முன்பு எப்போதாவது வந்த இந்த நோய், இந்த வருத்தம், கட்டிலுக்கு இரண்டு பிள்ளை என்றானது. ஆய்வுகூடத்தில் சோதனைத்தாள் முடிந்துவிட, சிறுநீரைக் குழாயில் கொதிக்கவைத்து வினாகிரி சொட்டுவிட்டுப் பார்ப்பேன். வெள்ளையாகக் கலங்கினால் வருத்தம். மிஸி முதுகுக்குப் பின்னால் நின்று, "கலங்குதோ தம்பி?" என்று உயிரை வாங்குவார்.

பிறகு ஒரு வருடம் பிள்ளைகள் வருவது திடீரென்று குறைந்தது. சவுக்காரமும் வரவில்லை, சிரங்கும் போகவில்லை. "வருத்தம் குறைஞ்சிட்டுது மிஸி" என்றேன் சந்தோஷமாக.

"வருத்தம் குறைஞ்சுதோ, வாற ஆக்கள் குறைஞ்சினமோ?" என்றார் மிஸி. முகாமுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

"விசரே மிஸி? ஷெல் அடிக்கிறான். பேசாமல் இருங்கோ!"

கேட்கவில்லை. தனியாகவே போனார்.

அவர் முகாம் பிள்ளைகளிடமிருந்து போத்தல்களில் கொண்டுவந்த சிறுநீரையெல்லாம் கொதிக்கவைத்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் தெளிவு. அந்த ஒன்று ஒரு சிறுமியுடையது. "முகாம் சோத்திலையும் பிள்ளை சதை வைச்சிட்டாள்" என்று தாய் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டாராம். "சதையில்லையடி, நீர்!" என்று ஏசி, பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி வந்திருந்தார் மிஸி. பிள்ளை பிழைத்தாள்.

"அப்ப நான் சொன்னது சரியோ, பிழையோ? ஏன் மிஸி குறைஞ்சது?"

"தெரியாது தம்பி. தெரியாது எண்டே எழுதும்."

ஆய்வுகூடப் பதிவேட்டில் அப்படியே எழுதினேன். இன்றும் எனக்கு விளங்கவில்லை.

மிஸியின் செத்தவீட்டில் அந்தச் சிறுமியின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, நீங்கள் அனுப்பித்தானே மிஸி அண்டைக்கு எங்களிட்டை வந்தவ. காணுற நேரமெல்லாம் சொல்லுவா."

போகாதே என்று தடுத்தவன் நான். மிஸி ஏன் அப்படிச் சொல்லி வைத்தார்? என்னைக் காப்பாற்றவா, குத்திக்காட்டவா? கேட்க இனி ஆளில்லை. அவர் எனக்கென்று விட்டுப்போனது, நான் செய்யாத அந்த ஒரு நன்மைதான்.

"ஓம், நான்தான்" என்றேன்.