கொக்கிக்குக் கீழே ஒரு கச்சேரி

எங்க ஊர்ல துருவைச் சுரண்டத்தான் சம்பளம் குடுப்பாவ. அமெரிக்காவுல துருவைப் பாக்க டிக்கெட் வாங்குதாவ. சத்தியமா சொல்லுதேன், வரிசையில நானும் நின்னேன்.

தூத்துக்குடி துறைமுகத்துல முப்பது வருஷம் நான் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுதவனுக்குக் கீழ நடக்கது தெரியாது. நான் கையைக் காட்டுவேன், அவன் சரக்கை ஏத்துவான், இறக்குவான். வேலையை விட்டு இறங்குன மறுவருஷம் மக டிக்கெட் அனுப்புனா. “பாட்டு, சாப்பாடு எல்லாம் இங்கன பிரமாதமா இருக்கும், வாங்கப்பா”ன்னா. எனக்கா தெரியாது? அங்கன ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கிடணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. வீட்டுக்காரி ஏர்போர்ட்டுல வச்சே சொல்லிட்டா: “போனோமா, முடியாதுன்னு சொன்னோமா, வந்தோமான்னு இருக்கணும்.” நானும் மண்டையை ஆட்டிட்டுத்தான் ஏறுனேன்.

மக இருக்கது இரும்பு உருக்குன ஊர். ஆலையெல்லாம் மூடி, ஊரே நாறிக் கிடந்து, இப்ப எந்திரிச்சு நிக்குதாம். உலை இருந்த எடத்துல கண்காட்சி. ஒரு ஆளு ரொம்ப நேரமா ஒரு போல்ட்டை உத்துப் பாத்துக்கிட்டு நின்னாரு. நானும் பாத்தேன். போல்ட்டுதான். சாப்பாட்டுக் கதை அதுக்கு மேல. சின்ன ரொட்டிக்குள்ள பொரிச்ச மீனை வச்சு, மேல மாம்பழத்தை நறுக்கிப் போடுதான். மீன் குழம்புல மாங்கா போடலாம், பழுத்த பழத்தைப் போடுவானா ஒருத்தன்? மூணு தின்னேன், அது வேற விஷயம்.

அந்தப் பையன் கூடவே வந்தான். ஆஸ்பத்திரியில ரத்தம் பரிசோதிக்கிற வேலையாம். என் பையைத் தூக்குனான், கதவைத் திறந்து விட்டான். நான் முகமே குடுக்கலை. குடுத்தா பெறகு முடியாதுன்னு சொல்ல வாய் வராது பாருங்க.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலைக் கொட்டகைக்குள்ள கச்சேரி. ட்ரம்பெட்டை நல்லாத்தான் ஊதுனானுவ, எனக்கே கால் ஆடிச்சு. சும்மா மேல பாத்தேன். உத்திரத்துல பழைய கிரேன், ஆள் உசரக் கொக்கி, அதுல ஒரு பெரிய இரும்புத் தொட்டி தொங்குது. நேர் கீழ அம்பது பேரு ஆடுதாவ. நடுவுல என் மக.

சரக்கு தொங்குனா எங்க துறைமுகத்துல கீழ ஒரு நாயைக்கூட நிக்க விடமாட்டோம். ரெண்டு கையையும் விரிச்சு வீசிக்கிட்டே ஓடுனேன். “ஏலே, கீழ நிக்காதிய! வெலகுங்கலே!” நானும் ஆட வந்துட்டேன்னு நெனச்சு நாலு பேரு கை தட்டுனாவ. கூறுகெட்ட பயலுவ!

அந்தப் பையன் மட்டும் என் முகத்தைப் பாத்தான். என்ன ஏதுன்னு கேக்கலை. என் மகளை ஒரே தள்ளா வெளிய தள்ளுனான். பெறகு திரும்ப உள்ள போயி ஒவ்வொரு ஆளா இழுத்துட்டு வந்தான். கடைசி ஆளு வெளிய வந்த பெறகுதான் அவனும் வந்தான். பாட்டு நின்னு போச்சு.

அந்த எடத்தைப் பாத்துக்கிடுத ஆளு ஓடி வந்து விளக்குனாரு, மக தமிழ்ல சொன்னா. தொட்டி அழகுக்கு வச்சதாம், மேல வெல்டு அடிச்சு அசையாம வச்சிருக்காம். கூட்டமே சிரிச்சுட்டு. எனக்கு மானம் போச்சு. அந்தப் பையன் முகம் செவந்து இங்கிலீசுல படபடன்னு என்னமோ சொன்னான். சிரிப்பு அடங்கிட்டு.

“என்னளா சொல்லுதான்?”

“இவரு முப்பது வருஷம் ஆளு சாகாமப் பாத்துக்கிட்டவரு, இவரு வெலகச் சொன்னா வெலகணும்ங்கான்பா.”

வெளிய ஆத்தங்கரையில ஒரு பெஞ்சுல உக்காந்தோம். அவன் காப்பி வாங்கப் போனான். மக என்னைப் பாக்காமலே கேட்டா: “முடியாதுன்னு சொல்லத்தானப்பா வந்திய? இப்பமே சொல்லிருங்க. என்னால காத்துக்கிட்டு இருக்க முடியல.”

“உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்”ன்னேன்.

என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதா. எனக்கும் அடக்க முடியல. காப்பியோட வந்த பையன் நாங்க ரெண்டு பேரும் அழுததைப் பாத்துட்டு, காரியம் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு, வெளிறிப் போயி அங்கனயே நின்னுட்டான்.

“வாங்க மாப்பிள்ள”ன்னேன்.

தமிழ்ல அந்த ஒரு வார்த்தையை மட்டும் மக அவருக்குச் சொல்லிக் குடுத்து வச்சிருந்தா போல. மூணு காப்பியும் கீழ விழுந்துட்டு.