குடல் புண்ணுக்கு நான் ஊற்றிய நெய்

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு, ரத்தமும் போனது. உடம்புச் சூடுதான் என்று நானே முடிவுகட்டி, சோற்றில் நெய்யைக் குளமாக ஊற்றித் தின்றேன்.

"ஏலே, சோத்துக்கு நெய்யா, நெய்க்குச் சோறா?" என்றாள் அக்கா.

"உள்ள வழுவழுன்னு ஆவட்டும்க்கா."

போக்கு கூடி, தலை சுற்றி விழுந்தேன். அக்காதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டா சத்தம் நிக்குதுல்லா, குடலுக்கு மட்டும் ஏன் ஆவாது?"

சிரித்துவிட்டார். "செயின் எதையும் செரிக்க வேண்டாம் தம்பி. புண்ணாகி வீங்குன குடலால இம்புட்டுக் கொழுப்பைச் செரிக்க முடியாது. அதான் போக்கு கூடிட்டு. ரத்தம் கண்ட அன்னைக்கே வந்திருக்கணும்லா?"

இப்போது கம்பெனியில் எவன் 'வயித்தால போவுது, சூடுலே' என்றாலும், ரத்தம் போகுதா என்றுதான் முதலில் கேட்கிறேன். வெட்கப்பட்டுத் தலையாட்டினால் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றிவிடுகிறேன்.